கோப்பிச் சக்கையில் டீசல்: கணக்குப் பார்த்துப் பேசுவோம்

குடித்து முடித்த கோப்பியின் சக்கையிலிருந்து டீசல் எடுக்கலாமாம், நமது சங்கமும் அதில் இறங்கினால் என்ன என்று முள்ளியவளைக் கிளைக் கூட்டத்தில் இளம் தோழர்கள் சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. எரிபொருள் என்றால் என்ன என்பது இந்த மண்ணுக்குத் தெரியும்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002இன் தொடக்கத்தில் தளரும் வரை, டீசலும் மண்ணெண்ணெயும் வன்னியில் சொட்டுக் கணக்கில் எண்ணப்பட்டன. பின்னர் 2022இல் நாடே வரிசையில் நின்றது. அந்த ஆண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு லீற்றருக்கு மூன்றிலொரு நாளின் உழைப்பு போனது. ஆகவே இளைஞர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. பதிலையும் நாம் நேராகவே சொல்ல வேண்டும்.

செய்தி உண்மைதான். 2008இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காய்ந்த கோப்பிச் சக்கையின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை எண்ணெய் இருப்பதைக் காட்டினார்கள். சக்கையைக் காயவைத்து, ஹெக்சேன் போன்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். அதனுடன் மெதனோலும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் தங்கும், உயிரி டீசல் மேலே நிற்கும். சாதாரண டீசல் இயந்திரத்தில் அதைக் கலந்து ஓட்டலாம். எண்ணெய் போன பின் எஞ்சும் சக்கையும் வீணில்லை. அடுப்புக்கோ பசளைக்கோ உதவும்.

முள்ளியவளையில் வைகாசி மாதம் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும். அது கண்ணகை அம்மன் மீது மக்கள் வைத்த நம்பிக்கை. கோப்பிச் சக்கையின் கதை அப்படியல்ல, அது வெறும் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் என்று வைத்தால், நாளுக்கு 100 கோப்பை கோப்பி விற்கும் கடையில் ஒரு கிலோ தூள் செலவாகும். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு 6 முதல் 9 கிலோ காய்ந்த சக்கை வேண்டும். அதாவது, அந்தக் கடை ஒரு கிழமை முழுவதும் சேர்த்தாலும் ஒரு லீற்றர்தான் தேறும். நம் ஊர்க் கடைகளிலோ கோப்பியைவிடத் தேநீர்தான் அதிகம் ஓடுகிறது. ஒரு உழவு இயந்திரத்தை ஒரு போகம் ஓட்டவும் இது போதாது.

கோப்பி ஆறாக ஓடும் லண்டனில் என்ன நடந்தது? அங்கே பயோ-பீன் என்ற நிறுவனம் கடைகளில் சக்கையைச் சேகரித்தது. 2017இல் ஷெல் நிறுவனத்தின் துணையுடன் 6000 லீற்றர் கோப்பி எண்ணெய் எடுத்து, டீசலில் கலந்து பஸ்களுக்குக் கொடுத்தது. அந்த 6000 லீற்றரும் ஒரே ஒரு பஸ்ஸின் ஒரு வருடத் தேவைக்குத்தான் காணும் என்று சொல்லப்பட்டது. 2023இல் அந்த நிறுவனமே நொடித்துப்போனது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மெதனோல் கடும் நஞ்சு. சிறிதளவு உள்ளே போனாலே கண் பார்வை போகும், உயிரும் போகும். ஹெக்சேன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். குழந்தைகள் ஓடித்திரியும் வீட்டின் குசினியிலோ கொட்டிலிலோ செய்து பார்க்கும் வேலையல்ல இது.

இப்படிப்பட்ட கனவுகள் ஏழைகளின் முற்றத்துக்கு முன்பும் வந்திருக்கின்றன. 2003இல் இந்தியாவில் காட்டாமணக்கில் டீசல் எடுக்கும் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. தரிசிலும் விளையும், தண்ணீர் தேவையில்லை என்று சொல்லித் தமிழ்நாட்டிலும் விவசாயிகளை நடவைத்தார்கள். சொன்ன விளைச்சல் வரவில்லை. பலர் செடியைக் கைவிட்டார்கள், நட்டம் அவர்கள் தலையில் விழுந்தது. ஆகவே, "இயந்திரம் தருகிறோம், கடனும் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது வந்தால், அங்கத்தவர்கள் முதலில் கிளைக்குக் கொண்டுவர வேண்டும். நுண்கடனில் சிக்கிய பெண்களின் கண்ணீரை வன்னி போதுமான அளவு பார்த்துவிட்டது.

அப்படியென்றால் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? உண்டு. வடையும் மிதிவெடியும் பொரிக்கும் கடைகளில் கறுத்துப்போன எண்ணெய் தினமும் மிஞ்சுகிறது. அதில் பிரித்தெடுக்கும் வேலை இல்லை, முழுவதுமே எண்ணெய். திரும்பத் திரும்பப் பொரித்தால் உடம்புக்குக் கேடான அந்த எண்ணெயை வாங்கி உயிரி டீசலாக்கும் திட்டத்தை 2018 முதல் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை நடத்துகிறது. இங்கும் மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பான ஆலையைக் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் அரசு அமைக்கலாம். கோப்பிச் சக்கையையும் தேயிலைச் சக்கையையும் சாணத்தோடும் இலைகுழையோடும் குவித்து மக்கவிட்டால் வீட்டுத்தோட்டத்துக்குச் செலவில்லாத பசளை கிடைக்கும். 2021இல் உரத்தடை வந்தபோது பட்ட பாட்டை நினைத்தால் அது சின்ன விடயமல்ல.

கோப்பிக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளின் ஊடாக மாத்தளைக்கு நடந்தது கோப்பித் தோட்டங்களுக்காகத்தான். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தபோது, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். தொழிலாளிக்குப் பயிர் மாறியது, வாழ்வு மாறவில்லை. 1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பி அவர்களின் பேரப்பிள்ளைகள் மீண்டும் வன்னிக்கே வந்தார்கள். இன்னும் பலருக்குக் குடியிருக்கும் காணிக்கு உறுதி இல்லை.

அன்று கோப்பிக் கொட்டையில் நமக்குப் பங்கு கிடைக்கவில்லை. நாளை கழிவிலிருந்து காசு வரும் காலம் வந்தால், சக்கை சுமப்பவரும் எண்ணெய் சேகரிப்பவரும் கூலிக்கு மட்டும் நிற்கக்கூடாது. சேகரிப்பவருக்கு நியாய விலை, ஆலையில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்பு, இலாபத்தில் பங்கு. இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்போம்.

கேள்வி கேட்ட இளம் தோழர்களுக்கு நன்றி. அடுத்த கூட்டத்துக்கு முன், நம் பகுதிக் கடைகளில் ஒரு கிழமையில் எத்தனை லீற்றர் பழைய எண்ணெய் மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்தக் கணக்கோடு கூட்டுறவுச் சங்கத்தின் படியேறுவோம்.