கயிறு கட்டினா போதுமா?

எங்க வல்லம் பக்கம் குடியை நிறுத்த கோயில்ல கயிறு கட்டுவாங்க. பெரியப்பாவும் கட்டினார். மூணாவது நாள் கை நடுங்கி வலிப்பு வந்துடுச்சு. "சாமி குத்தம்"னு ஊரே பேசுச்சு.

குத்தம் இல்லைங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்சவர் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் சில நாள் மருந்து கொடுத்தால் அதைத் தடுக்க முடியும். அப்புறம் குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இருக்கு. ஹெராயின் போதைக்கு புப்ரெனார்பின் இருக்கு.

"மாத்திரை போட்டு நிறுத்துறது ஒரு நிறுத்தமா?"ன்னு கேட்கிறீங்களா? சுகருக்கு மாத்திரை போடும் தாத்தாவிடம் இப்படிக் கேட்பீங்களா?

2023 மே மாதம் நம்ம மாவட்டத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் சாராயம் குடித்துப் பலர் செத்தாங்க. விற்றவனைத் திட்டினோம், சரிதான். குடிச்சவங்ககிட்ட இந்த மருந்துகளைப் பற்றி முன்னாடியே யாராவது சொன்னோமா?

கயிறு கட்டட்டும், தப்பில்லை. அதுக்கு முன்னாடி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. போன் பண்ண 14446, இலவசம். எங்க வீட்டுக்கு இது லேட்டாத்தான் தெரிஞ்சது.