லீவில் வருகிற அப்பா

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவான நெடுந்தீவின் கடற்படை முகாமில் நிற்கும் சிப்பாய் பெரும்பாலும் தென்னிலங்கைக் கிராமத்துப் பிள்ளை. ஓய்வூதியம் கிடைக்க இருபது வருடத்துக்கு மேல் சேவை செய்ய வேண்டும். அதற்குள் மூத்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையே எழுதிவிடும். அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் லீவில் வருகிறவர். லீவு கிடைத்தாலும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணி நேரம் படகு, பிறகு யாழ்ப்பாணம், பிறகு ஒரு முழு இரவு பஸ். மேடையில் இதைத் தியாகம் என்பார்கள். வீட்டைத் தனியே இழுக்கும் மனைவிக்குப் பதக்கம் ஏதும் இல்லை.

இந்தத் தீவின் வீடுகளுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி குமுதினி என்ற பயணிகள் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். செய்தது கடற்படையினர் என்றே உயிர்தப்பியோர் சொன்னார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இன்று அவசர நோயாளரை அக்கரை சேர்ப்பதும் கடற்படைப் படகுதான். நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்ல வாய் எழும்பாது.

இதே கடற்படைக்கு 1960 முதல் 1970 வரை தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர், ஒரு தமிழர். 2017இல் இன்னொரு தமிழரான டிராவிஸ் சின்னையா அந்தப் பதவிக்கு வந்தார், இரண்டு மாதம் சொச்சம்தான் இருந்தார். மகன் நேவியில் என்று தமிழ் வீடுகள் பெருமை பேசிய காலம் இருந்தது என்றால் இன்றைய இளையோர் நம்பமாட்டார்கள். சிப்பாயின் பிரிவுத் துயரை நான் மறுக்கவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு குமுதினியைக் கடந்துபோகிற பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை.