பந்தல் பிரித்த இடத்தில் ஒரு கேள்வி

ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் சிறு பட்டறைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, தீயணைப்புத் துறைச் சான்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, ஒரு காத்திருப்பு. ‘அரசு ஒதுங்கிக்கொண்டால் போதும்’ என்று பேசும் வேட்பாளர் பக்கம் அவர் மனம் சாய்வதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் குரல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ‘பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்ஜியம்’ என்று காங்கிரஸ் ஆட்சியைச் சாடிய ராஜாஜி, 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-ல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. ஆனால், அவரை நம்பிய வாக்காளருக்கு அன்றே நெருடல்கள் இருந்தன. முதல்வராக 1952-ல் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர், ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று வாக்குறுதி தந்த திமுகவோடு 1967-ல் கைகோத்தார். அதைவிடக் கூர்மையான நெருடல் 1953-ன் கல்வித் திட்டம். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அந்தப் பிள்ளைக்கு இல்லையா?

1989-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பதிவு பெற விரும்பும் எந்தக் கட்சியும் சோஷலிசத்தின் மீது பற்றுறுதி தெரிவிக்க வேண்டும். அதனால் இன்று ‘அரசு ஒதுங்கட்டும்’ என்ற கொள்கை தனிக் கட்சியாக வருவதைவிட, பல கட்சி வேட்பாளர்களின் பேச்சில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அதை உரசிப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வழித்தடத்திலேயே மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது நிலம். தொழிலுக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. விற்க விருப்பமில்லாத விவசாயியின் நிலத்தையும் அதன்படி அரசு எடுக்கலாம். இரண்டாவது சலுகை. நோக்கியா ஆலைக்கு நிலமும் வரிச் சலுகையும் அரசு தந்தது. 2014-ல் அங்கு உற்பத்தி நின்றது. பட்டறைக்காரருக்கு அப்படி யாரும் தரவில்லை.

மூன்றாவது சங்கம். 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். சங்க அங்கீகாரம் முக்கியக் கோரிக்கை. அக்டோபரில் போலீஸ் அவர்களின் போராட்டப் பந்தலைப் பிரித்தது. அவர்கள் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். போராட்டம் 37 நாள் நீடித்தது. உயர் நீதிமன்றம்வரை போன பிறகு 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. ஒருவரோடு ஒருவர் விரும்பிக் கூடி, கூலி பேசுவது ஒப்பந்தச் சுதந்திரம் இல்லையென்றால் வேறு எது?

வேலை நேர வரம்பைத் தளர்த்தும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் ‘விருப்பமுள்ள தொழிலாளி’ என்ற சொல்லே முன்வைக்கப்பட்டது. மறுக்கும் வலு இல்லாதவரின் விருப்பத்தை எப்படி அளப்பது? எதிர்ப்புக்குப் பிறகு மே 1-ல் அது திரும்பப் பெறப்பட்டது.

இதையெல்லாம் பார்த்துப் பட்டறைக்காரர் தயங்கினால், அந்தத் தயக்கம் சுதந்திரத்தின் மீதல்ல. அந்தச் சுதந்திரம் முதலாளியின் வாசலோடு நின்றுவிடுமோ என்பதுதான். ஆகவே, வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது லைசென்ஸைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிடக் கூடாது. நிலம், சலுகை, சங்கம் மூன்றிலும் அரசு ஒதுங்குமா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் ‘ஒதுங்கும்’ என்ற ஒரே பதில் வந்தால் தயங்காமல் வாக்களிக்கலாம். லைசென்ஸுக்கு மட்டும் பதில் வந்தால், மற்ற வேட்பாளர்களின் பேச்சையும் கேட்டுவிட்டு வாக்குச்சாவடிக்குப் போவது நல்லது.