மண் பேசுகிறது என்னும் மயக்கம்

பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்து ஒயினைப் பற்றிப் பேச வருகிறவர், அதை விற்கும் வணிகராயினும் விருந்துக்கு அழைத்த ரசிகராயினும், 'இங்கே பேசுவது மண். மனிதன் அதன் பணியாள் மட்டுமே' என்று ஒருமுறையாவது உபதேசிக்காமல் விடுவதில்லை. பல ஆண்டுகளாக இந்த வாக்கியம் என்னை உறுத்தி வருகிறது. ஏனெனில் அது வெறும் அலங்காரமாக நில்லாமல், உன் நாவை நம்பாதே, புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள பதவியை நம்பு என்று போதிக்கும் சித்தாந்தமாகவே வளர்ந்துவிட்டது. பதவிகள் நான்கு: அடியில் பிரதேசத்தின் பெயரை மட்டும் தாங்கிய ஒயின், அதன்மேல் கிராமத்தின் பெயர் பெற்றது, அதற்கும் மேல் பிரிமியே க்ரூ, சிகரத்தில், 33 பெயர்களுக்கு மட்டும் உரிய கிராண்ட் க்ரூ.

இந்த வரிசை, பர்கண்டியில் திராட்சை பயிரிட்ட பழைய மடத்துத் துறவிகளின் காலந்தொட்டு மண்ணே வகுத்தளித்தது என்பது மண்ணைப் போற்றும் இவர்களுடைய முதல் வாதம். 1855-இல் லவால் என்பவர் பர்கண்டி ஒயின்களைப் பற்றி எழுதிய நூலிலும் 1861-இல் போன் நகரத்து விவசாயிகள் கழகம் வெளியிட்ட படத்திலும் உருப்பெற்று, 1930-களில் சட்டமாகி, ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த 1943-இல் பிரிமியே க்ரூ என்ற படியும் சேர்க்கப்பெற்ற ஒரு வரிசையை அநாதி என்பது சரித்திரத்துக்கு ஒவ்வாது. லா தாஷ், ரொமானே-கோந்தி என்னும் இரு பெருந்தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் லா கிராந்த் ரூ என்ற நிலம் 1992-இல்தான் கிராண்ட் க்ரூ ஆயிற்று. அவ்வாண்டில் மாறியது அரசாங்க ஏடேயன்றி மண்ணன்று.

சுண்ணாம்புக் கல்லின் சுவையே கிண்ணத்தில் இறங்கி வருகிறது என்பது இரண்டாவது வாதம். வேர் உறிஞ்சுவது நீரையும் அதில் கரைந்த அற்ப அளவான உப்புக்களையுமே, பாறைக்கு மணமில்லை. பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்குரிய பினோ நுவார் திராட்சையின் செர்ரி மணம் பழத்திலும் அது நொதிக்கும்போதும் பிறப்பது. மெர்சோ கிராமத்து வெள்ளை ஒயினில் மெச்சப்படும் வெண்ணெய் மணத்துக்குக் காரணம், புளிப்பை மென்மையாக்கும் இரண்டாம் நொதிப்பும் ஓக் பீப்பாயும்.

மூன்றாவது வாதமே இவர்களுடைய கோட்டை: உயர்ந்த பதவியென்றால் உயர்ந்த ஒயின் என்பது. இதற்கு மறுமொழியாக நான் க்ளோ த வூஜோ என்னும் ஒரே தோட்டத்தைக் காட்டுவேன். சீத்தோ மடத்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டு முதல் நிலம் சேர்த்து, பின்னர் மதில் சூழக் கட்டிய ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பு அது. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் கையை விட்டு நீங்கி, 1889-இல் பலருக்குப் பங்கிட்டு விற்கப்பட்டு, இன்று ஏறக்குறைய எண்பது உரிமையாளருக்குச் சொந்தமாக இருக்கிறது. அதன் மேற்சரிவில் நீர் தேங்காத, ஆழங்குறைந்த சுண்ணாம்பு மண். கீழ்க்கோடியிலோ நெடுஞ்சாலை வரை பரந்த, மழைக்காலத்தில் ஈரம் வடியாத களிமண். அதே மலைச்சரிவின் பிற இடங்களில் சாலையோரத்து நிலம் பெரும்பாலும் கிராமப் பெயருக்கு மேல் ஏறுவதில்லை. இங்கே மதிலுக்குள் கிடப்பதனாலேயே ஒவ்வோர் அடி நிலமும் கிராண்ட் க்ரூ. மதிலைக் கட்டியவர்கள் மனிதர்கள். மதிலைப் பின்பற்றிக் கோடு கிழித்தவர்களும் மனிதர்கள். இதில் மண் எப்போது வாய் திறந்தது?

மண் வேறுபடுகிறதென்றால் அதன் மகிமையைத்தானே அது நிரூபிக்கிறது என்று அவர்கள் எழுந்து நிற்பார்களாயின், அவர்களே தம்மை ஓர் இருதலைக்கொள்ளியில் மாட்டிக்கொள்கிறார்கள். மண் உண்மையாகவே பேசுகிறதென்றால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே பட்டம் சூட்டிய வரிசை பொய் சொல்கிறது. வரிசை மெய்யென்றால், அத்தனை வேற்றுமைகளுக்கிடையிலும் மண் ஊமையாக இருந்திருக்கிறது. இதுவும் போதாதென்று, அத்தோட்டத்தில் ஒரே மட்டத்தில் அடுத்தடுத்த கொடிவரிசைகளை உடைய இருவரில், காய்ப்பை அடக்கிக் கனியும் காலம் பார்த்துப் பறித்தவனுடைய ஒயின் ஆழமும் நீடித்த மணமும் பெற்று விளங்க, அதிகம் காய்க்கவிட்டு அவசரமாகப் பறித்தவனுடையது மெலிந்து நிற்கிறது. மண்ணும் ஒன்று, பட்டமும் ஒன்று, வேறுபட்டவை கைகளே. துறவிகளே மேல், நடு, கீழ்ப் பகுதிகளின் விளைச்சலைக் கலந்து ஒயின் செய்தார்கள் என்று பர்கண்டியின் மரபு கூறுகிறது. ஆகவே இவர்கள் சாட்சிக்கு அழைக்கும் துறவிகளும் கைத்திறனை நம்பியவர்களாகவே தோன்றுகிறார்கள்.

நல்ல உழவன் தன் உழைப்பைச் செலுத்திய சாதாரணப் பிரதேச ஒயின், சோம்பேறியின் கிராண்ட் க்ரூவை வென்றுவிடுவதைச் சுவைத்தவர்கள் அறிவார்கள். அவனுடைய உழைப்புக்கு உரிய புகழைப் பறித்து வாய்பேசா மண்ணுக்குச் சூட்டுவது அநியாயம். அதற்கென்று வாங்குகிறவனிடம் பன்மடங்கு விலை கேட்பது அதனினும் பெரிய அநியாயம். பர்கண்டியை உண்மையாக நேசிக்கிறவன் சீட்டில் முதலில் தேட வேண்டியது தோட்டத்தின் பதவியை அன்று, ஒயினைச் செய்தவனுடைய பெயரை.