வானத்துக்கும் உண்டு முறைப்பாசனம்!



ஜூன் பிறந்தால் நம்ம ஊரில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "பெரியாறு தண்ணி என்னைக்குத் திறக்குறாங்க?" லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும். நாள் தெரிந்தால்தான் நாற்றங்கால் போட முடியும். மேல்மடைக்காரர் சொல்லாம கொள்ளாம மடையைத் திறந்தா கீழ்மடைக்காரர் வயல் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

வானத்திலும் இதே கதைதான். 2021 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள்.

நிலாவைச் சுற்றி நம்முடைய சந்திரயான்-2 ஆர்பிட்டர் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. என்ற விண்கலமும் அங்கேதான் சுற்றுகிறது. இரண்டும் நிலாவின் துருவங்களுக்கு மேலே கடக்கிறவை. அக்டோபர் 20 அன்று காலை 11.15 மணிக்கு, நிலாவின் வடதுருவம் அருகே, இரண்டுக்கும் இடையே 3 கிலோமீட்டர் இடைவெளிதான் இருக்கும் என்று கணக்கு சொன்னது. உயர வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் 100 மீட்டருக்கும் குறைவு!

இஸ்ரோ ஒரு கணக்குப் போட்டது. அமெரிக்காவின் ஜே.பி.எல். ஆய்வகம் தனியாக ஒரு கணக்குப் போட்டது. ஒரு வாரத்துக்கு முன்பே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின. அக்டோபர் 18 இரவு 8.22 மணிக்கு நம் விண்கலம் தன் பாதையைச் சற்றே மாற்றிக்கொண்டது. ஆபத்து நீங்கியது. இரண்டு நாடும் தங்கள் கணக்கை மறைத்து வைத்திருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

"கணக்குன்னா கணக்குதானே, அதுல என்ன ஒப்பிட்டுப் பார்க்க இருக்கு?" என்று கேட்கலாம். நிலாவின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் கூடுதலாக இழுக்கும். சூரிய ஒளிகூட விண்கலத்தை லேசாகத் தள்ளும். இந்தச் சின்னச் சின்ன இழுப்பும் தள்ளலும் நாளாக ஆகச் சேர்ந்து, போட்ட கணக்கையே நகர்த்திவிடும்.

இதற்குச் சாட்சி நம்ம சந்திரயான்-1. 2009 ஆகஸ்டில் தொடர்பு அறுந்து போனது. ஏழு ஆண்டு கழித்து, 2016 ஜூலையில், பூமியிலிருந்தே ரேடார் அலைகளை அனுப்பி அதை ஜே.பி.எல். விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பழைய கணக்கு காட்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட அரைச் சுற்று தள்ளி, நிலாவுக்கு 200 கிலோமீட்டர் மேலே அது சுற்றிக்கொண்டிருந்தது. 2017-ல் அதை ஊரறியச் சொன்னார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் மாநாடு கூட்டுவது இதற்காகத்தான். நம்ம ஊரில் மாநாடு என்றால் பந்தல், மைக், கொடி. அவர்கள் மாநாட்டில் ஒருவர் எழுந்து, "இந்தப் பாதையை நான் இப்படிக் கணக்கிட்டேன்" என்று விளக்குவார். மற்றவர்கள் குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். அந்த அறையில் தெரியவரும் தப்புக்கு நஷ்டம் ஒரு பைசா கிடையாது. அதே தப்பு வானத்தில் தெரியவந்தால் ஒரு விண்கலமே போய்விடும்.

2024 ஏப்ரலில், விண்வெளிக் குப்பை பற்றிய பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழுவின் 42-வது ஆண்டுக் கூட்டம் பெங்களூருவில் நடந்தது. 2030-க்குள் இந்தியாவின் விண்வெளிப் பயணங்கள் குப்பை சேர்க்காதவையாக இருக்கும் என்ற இலக்கை இஸ்ரோ அங்கேதான் அறிவித்தது. குப்பை என்றால் சும்மா இல்லை. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதே, மோதலைத் தவிர்ப்பதற்காக 4 விநாடி தாமதமாகத்தான்!

சரி, இதற்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம்?

பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே கொடைக்கானல் மலை. அங்குள்ள சூரிய ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைக் கண்காணித்து வருகிறது. சூரியன் சீறினால் பூமியின் மேல் வளிமண்டலம் சூடேறி விரியும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களை அது இழுத்துக் கீழே தள்ளும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் ஒரே தடவையில் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் சுமார் 40 இப்படித்தான் வீணாயின. சூரியனின் போக்கைப் புரிந்துகொள்ளப் பழைய பதிவுகள் வேண்டும். அப்படிப்பட்ட பொக்கிஷம் நம்ம தலைக்கு மேலேயே இருக்கிறது. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கம் கோதவாடி கிராமத்துக்காரர்; தமிழ் வழியில் படித்தவர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஆதித்யா-எல்1 விண்கலத்தை நிலைநிறுத்திய திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். கோதவாடிக்கும் செங்கோட்டைக்கும் முடிந்தது கடமலைக்குண்டுக்கும் சின்னமனூருக்கும் முடியாதா?

முடியும். ஆனால் வழி வேண்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் தாயின் மகள் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள் என்று வையுங்கள். மாநாட்டுப் பதிவுக் கட்டணம், ரயில் அல்லது விமான டிக்கெட், தங்குமிடம், அதற்கு மேல் ஆங்கிலத்தில் பேசும் தயக்கம். இத்தனையையும் தாண்டித்தான் அவள் அந்த மேடை ஏற வேண்டும். கணக்கு சரியாக இருந்தும் காசு இல்லாததால் ஒரு பிள்ளை வாசலிலேயே நிற்கலாமா?

ஒன்றிய, மாநில அரசுகளிடம் நாம் கேட்பது மூன்று.

👉 அரசுக் கல்லூரி மாணவரின் கட்டுரை ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டால், கட்டணமும் பயணச் செலவும் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். கடன் வாங்கிப் போய்விட்டுப் பிறகு ரசீது கொடுத்துக் காத்திருக்கும் நிலை கூடாது.

👉 மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவுகள் மக்கள் மொழியிலும் வெளிவர வேண்டும். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் பற்றிய பேச்சு வந்தபோது எவ்வளவு கேள்வி, எவ்வளவு பயம், எவ்வளவு வாக்குவாதம்! ஆதரிப்பவரோ எதிர்ப்பவரோ, விஷயம் புரிந்து முடிவெடுக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

👉 மாவட்டத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவரும் ஒரு முறையாவது கொடைக்கானல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். மலை பக்கத்தில்தானே இருக்கிறது!

பெற்றோர்களே, இன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மின்னாமல் சீராக நகரும் ஒரு புள்ளி கண்ணில் படலாம். அது செயற்கைக்கோள். "அது எப்படிம்மா கீழே விழாம போகுது?" என்று பிள்ளை கேட்டால் அதட்டி அடக்கிவிடாதீர்கள். பெரிய மாநாடுகளில் பெரியவர்கள் கேட்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

தண்ணீர் முறை வைத்துப் பாய்ந்தால் கடைமடை வரை விளையும். அறிவும் அப்படித்தான். கடைமடைக்கும் வரட்டும்!