சுகமாயிருப்பவரும் சுமக்கிறார்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் இருக்கிறது கல்லாறு. உருண்டைக் கற்களின்மேல் ஓடும் அதன் நீர் அடித்தரை தெரியுமளவுக்குத் தெளிந்தது. அந்தத் தெளிவை நம்பி இறங்கி, கயத்தில் மூழ்கி மாண்டவர்கள் உண்டு. நம்முடைய சரீரமும் இப்படித்தான். வியாதியின் அடையாளம் ஒன்றும் காணாதிருக்கையிலும் உள்ளே கிருமி குடியிருக்கக்கூடும்.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ். 1880 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் தம்முடைய உமிழ்நீரையே முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் மாண்டன, அவரோ சுகமாயிருந்தார். அவருடைய வாயில் இருந்தது இந்தக் கிருமியே.

மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் இது வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் தங்கும். பள்ளிப் பிள்ளைகள் 100 பேரில் 20 முதல் 60 பேரும், பிள்ளைகள் இல்லாத வீட்டுப் பெரியவர்கள் 100 பேரில் 5 முதல் 10 பேரும் இதைச் சுமக்கிறார்கள் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தீங்கு வருவதில்லை. ஆனால் இருமல், தும்மல், உமிழ்நீர் வழியாய் அது கைக்குழந்தையையும் முதியவரையும் நீரிழிவு உள்ளவரையும் சேரும்போது நிமோனியாவாகவோ மூளைக்காய்ச்சலாகவோ மாறலாம்.

பிழைப்புக்காக நகரம் வந்து, ஓர் அறையில் ஐந்தாறு பேராய் உறங்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைதேடி வந்த கிராமத்து வாலிபர்கள் நெருக்கமான கொட்டடிகளில் நிமோனியாவால் திரளாய் மாண்டார்கள். அதனாலேயே 1911 இல் இக்கிருமிக்கு எதிரான பெரிய தடுப்பூசிச் சோதனை அங்கே தொடங்கியது.

நாம் செய்யவேண்டியவை எளியவை. பிறந்த குழந்தைக்காக ஜெபிக்கச் செல்லும்போது கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், முகத்தில் முத்தமிடாதிருங்கள். சளி இருந்தால் வேறொரு நாள் செல்லுங்கள். வீட்டுக்குள் புகைக்க இடங்கொடாதிருங்கள்.

நம் தேசத்தில் இதற்கான தடுப்பூசி 2017 இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021 இல் எங்கும் வந்தது. 6 ஆம் வாரம், 14 ஆம் வாரம், 9 ஆம் மாதம் என மூன்று முறை அரசு மருத்துவமனைகளில் இலவசமாய்ப் போடுகிறார்கள். ஊசி போட்ட பிள்ளை கிருமியைச் சுமப்பது குறைவதால் வீட்டிலுள்ள பாட்டியும் காக்கப்படுகிறாள். முதியோருக்கும் தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேளுங்கள்.

ஊசி போடுவது அவிசுவாசம் என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: நம் விசுவாசத்தின் விலையைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை செலுத்தலாமா? நான் சுகமாயிருப்பது நன்றி சொல்லவேண்டிய காரியம். என்னால் பிறருக்குத் தீங்கில்லை என்பதற்கு அது சாட்சியாகாது.