மலை ஏற்றத்துக்கு மாத்திரையா?

'ஊட்டியில் ஒரு மாத ஓட்டப் பயிற்சிக்குப் போன மகன், மூச்சு வாங்குகிறது என்று கார்னிடின் மாத்திரை கேட்கிறான். வாங்கித் தரலாமா?' - வாசகி, கோவை.

வேண்டாம் அம்மா. கொழுப்பைத் தசை செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சுமந்து சேர்க்கும் லோடுமேன்தான் கார்னிடின். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் கல்லீரலும் சிறுநீரகமும் தேவையானதைத் தயாரித்துவிடும். மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்குகூட உடலில் சேராது. தினம் 3 கிராம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும், உடம்பில் மீன் வாடையும் வரலாம்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே மூச்சு வாங்குவது ஆக்ஸிஜன் குறைவால். கொழுப்பை எரிக்கவோ, மாவுச்சத்தைவிட அதிக ஆக்ஸிஜன் வேண்டும்! முதல் வாரம் மெதுவாக ஓடி, உடம்பைப் பழக்கட்டும். பிறகும் மூச்சிரைத்தால், மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைக் காசில் முட்டையும் சுண்டலும் வாங்கிக் கொடுங்கள்.